படகில் போன சட்டை

ஊசியைப் பல்லில் கடித்தபடி, பொம்மையின் கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள் கோலெட்டா. அவள் மகன் மீல் போட்டுக் கழித்த சட்டை அது. கெண்ட் நகரத்து நெசவாலைத் தெருவில், ஒரு நிலவறையில் அவள் கணவன் லீவின் பொம்மலாட்டம் நடத்தினான். பொம்மைகளின் உடுப்பெல்லாம் இவள் கைவேலை.

"போட்ட சட்டைதான் வேணும்னு அந்த ஆளு ஏன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு?" என்று கணவனிடம் கேட்டாள்.

"புதுத்துணி விறைப்பா நிக்குமாம். பழசுதான் உடம்போட படியுமாம்."

"பொம்மைக்கு ஏதுய்யா உடம்பு?"

அந்த ஆள் வக்கீல் வான் ஹெக்கெ. மனிதர் நடிக்கக் கூடாது, பொம்மைதான் நடிக்க வேண்டும் என்று ஒரு சோக நாடகம் எழுதிக்கொண்டு வந்தவர். தைத்து முடித்த பிறகுதான் அவளுக்குக் கதை தெரிந்தது: முகமில்லாத படகோட்டி ஒருவன் பனிமூட்டத்தில் வந்து, ஒரு சிறுவனை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான்.

மீல் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தான். வக்கீல் தினமும் விசாரித்தார். "இறங்கிச்சாம்மா?" கேட்டுவிட்டுப் பையனையே பார்த்துக்கொண்டு நிற்பார். துணிக்கடையில் துணி பார்த்து நிற்பவர் பார்வை அது. கோலெட்டா கதவைச் சாத்துவாள்.

ஞாயிறு மதியம் ஆட்டம். அந்த நிலவறையில் ஒரு வழக்கம் உண்டு: வெட்டுப்பட்ட ராஜாவும் தூக்கில் தொங்கிய திருடனும் முடிவில் எழுந்து வந்து வணக்கம் வைத்தால்தான் ஜனம் கலையும். அன்று படகில் போன பையன் பொம்மை வரவில்லை. வக்கீல் தடுத்துவிட்டார்.

"பையன எங்கடா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒரு நெசவாளி கத்தினான்.

"படகுக்காரனுக்கு ரெண்டு கிளாஸ் ஊத்துங்க, திருப்பிக் கொண்டாந்துருவான்!" என்றான் இன்னொருவன்.

யாரும் சிரிக்கவில்லை. கோலெட்டா வீட்டுக்கு ஓடினாள். மீலின் உடம்பு அனலாகக் கொதித்தது. அவன் சட்டை அந்தப் படகில் போயிருக்கிறது. இதற்காகத்தான் வக்கீல் போட்ட சட்டையாகக் கேட்டாரா?

மறுநாள் காலை பொம்மையை எடுத்துப்போக வக்கீல் பெட்டியோடு நிலவறைக்கு வந்தபோது, பொம்மை அவள் கையில் இருந்தது.

"குடும்மா, வண்டி காத்திருக்கு."

"வணக்கம் வச்சிட்டு வரட்டும்."

"போனவன் திரும்பி வந்தா என் நாடகமே செத்துடும்."

"சாகட்டும்யா. அது உங்களோடது."

பொம்மையை ஆட்ட அதன் தலையில் செருகிய இரும்புக் கம்பியை அவள் இதுவரை பிடித்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பொம்மையைத் தத்தித் தத்தி மேடை விளிம்புக்கு நடத்தி, காலி பெஞ்சுகளுக்கு முன் குனிய வைத்தாள். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டு, வெறும் மரத்தைப் பெட்டியில் போட்டாள்.

வீட்டில் காய்ச்சல் இம்மியும் இறங்கியிருக்கவில்லை. சட்டையை மடித்துக் காடித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மீலின் நெற்றியில் போட்டாள்.