சித்தி தொட்ட முகங்கள்

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் சித்தி ஊர்க்கதை பேசுவாள். வாடிக்கையாளரின் புருவத்தில் நூல் ஓடும்போது வாயிலிருந்து பாதிச் சொற்கள்தான் வரும். மீதியைக் கண்ணாடியில் தெரியும் அவள் கண்கள் பேசிவிடும். வலிக்கிறது என்று யாராவது முனகினால், நூலை விடாமலே, "ம்ம், மாமியாரைவிடவா?" என்பாள். நாற்காலியில் இருப்பவள் சிரிப்பாள். சிரிக்கும்போது தோல் இழுபடும். அந்த நேரம் பார்த்து நாலு முடியைப் பிடுங்கியிருப்பாள்.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் அவளுடைய பார்லர். ஒரே அறை. பின்னால் சாயும் நாற்காலி, கழுத்து நீண்ட ஆவி மெஷின், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. கீழேயிருந்து ரப்பர் நாற்றம் ஏறி வரும். மேலே இருக்கும் ப்ளீச் நெடி அதற்கு வழிவிடாது. வருபவர்களின் மூக்கு கொஞ்ச நேரம்தான் சண்டை போடும், அப்புறம் சமாதானமாகிவிடும் என்பாள்.

பெயர்கள் அவள் மனதில் நிற்காது. தோல் நிற்கும். கைபேசியிலும் வாடிக்கையாளர்களை அப்படித்தான் பதிந்துவைத்திருக்கிறாள்: மங்கு டீச்சர், பரு பேங்க், தேமல் அக்கா. ஒருமுறை அழைப்பை எடுத்த வேகத்தில், "சொல்லுங்க இரட்டைத் தாடை" என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை நிரந்தரமாக இழந்தாள். அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு வைத்த பெயர் கருவளையம். நான் வேறு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குடிநீரில் ஈயம், ஆர்செனிக், பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. விடுமுறைக்கு வந்து படியேறினால், "வா கருவளையம். கண்ணுக்குக் கீழ கடை போட்டிருக்கியே, வாடகை யாரு தர்றா?" என்பாள். சொல்லும்போதே அவள் கட்டைவிரல் என் கன்னத்தில் இருக்கும். யாரையும் தொடாமல் அவளால் பேச முடியாது.

முகத்தில் விழும் கோடு என்றால் அவளுக்குத் தனிப்பட்ட பகை. சின்ன வயதில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். வாசலுக்கு நேர் எதிரே, விளக்கு வெளிச்சத்தில் நிற்கவைத்திருந்தார்கள். நெற்றியில் கோடு விழத் தொடங்கியதும் மேலாளர் அவளைக் கிடங்குக்கு மாற்றினார். காரணம் கேட்டதற்கு, உனக்கு அங்கே வசதியாக இருக்கும் என்றாராம். அங்கே ஜன்னல்கூட இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் சில மாதம் இருந்துவிட்டு, வெளியே வந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். அந்த மேலாளர் இப்போது எங்கே இருக்கிறாரோ, அவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

சித்தி ஏமாற்றுக்காரி இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் முதலில் தன் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் கழுவாமல் வைத்திருந்து, அரிக்கிறதா, சிவக்கிறதா என்று பார்ப்பாள். அரித்தால் நேராகக் குப்பைக் கூடைதான். "என் தோலுக்கு ஒத்துக்காதத அடுத்தவங்க மூஞ்சியில போட நான் யாரு?" என்பாள். இடது கை முழுக்க இப்படிச் சேர்ந்த தழும்புகள். அந்தக் கையைக் காட்டித்தான் இத்தனை வருஷமும் தொழில் செய்தாள். அரிப்பைக் கண்டுபிடிக்க அது நல்ல முறை. அரிக்காத விஷத்தை அது கண்டுபிடிக்காது.

வெள்ளை டப்பா அரிக்கவில்லை.

அதன் மூடியில் பெயர் கிடையாது. அடியில் தயாரித்த இடமும் கிடையாது. பைக்கில் கொண்டுவந்து கொடுப்பவன் வெளிநாட்டுச் சரக்கு என்பான். எந்த நாடு என்று அவனுக்கே தெரியாது. மற்ற கிரீம்கள் மாதக்கணக்கில் செய்யாததை இது சில வாரங்களில் செய்தது. கரும்புள்ளி வெளுத்தது, மங்கு கரைந்தது. சித்தி அதைக் கோல்டு கிரீமில் குழைத்துப் பதமாகத் தேய்ப்பாள். அந்த விரல்கள் பட்டால் தூக்கம் வராதவர்களுக்கும் தூக்கம் வரும்.

முதலில் அது போடப்பட்டது என் அம்மாவின் முகத்தில். சித்தியின் அக்கா.

அம்மாவுக்கு அழகுப் பைத்தியம் எதுவும் கிடையாது. வாழ்க்கையில் பாதியை டிக்கெட் கவுன்ட்டரில் கம்பிக்குப் பின்னால் கழித்தவள். என் முகத்தை யார் பார்க்கிறார்கள், கையைத்தானே பார்க்கிறார்கள் என்பாள். தங்கை பார்லர் திறந்த புதிதில் நாற்காலி காலியாகக் கிடந்தது. காலி நாற்காலியைப் பார்த்தால் வருகிற ஆளும் திரும்பிவிடும் என்று, வேலை முடிந்ததும் போய் அதில் உட்கார்ந்துகொள்வாள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று தங்கை அவள் முகத்தில் கை வைத்தாள். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. என்னைச் சுமந்தபோது வந்து, நான் பிறந்த பிறகும் போகாமல் தங்கியது. கண்ணோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள். வெள்ளை டப்பா வந்த பிறகு முதலில் மங்கு போனது. ஒன்றிரண்டு வருஷத்தில் கோடுகளும் போயின.

இங்கே என் தொழிலைக் கொஞ்சம் பேச வேண்டும். பாதரசம் கலந்த கிரீம் தோல் கறுப்பதைத் தடுக்கும். ஆனால் தோலோடு நிற்காது. இரத்தத்தில் இறங்கிப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். அங்கே இருக்கும் வடிகட்டி பழுதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும். உடம்பில் நீர் கோக்கும். காலையில் முகத்தில், மாலையில் காலில். நீர் கோத்த முகத்தில் சுருக்கம் தெரியாது.

அம்மாவின் சுருக்கம் மறைந்தபோது சித்தி கொண்டாடினாள். முகத்தைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பத்து வயசு கொறஞ்சுபோச்சுக்கா, இனிமே உன்னைத்தான் தங்கச்சின்னு நெனப்பாங்க" என்றாளாம். அம்மாவே போனில் சொல்லிச் சிரித்தாள். பழைய படம் ஒன்று, புதிதாக எடுத்த படம் ஒன்று எனச் சித்தி கண்ணாடி ஓரத்தில் ஒட்டினாள். அதைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். அந்த இரண்டாவது படத்தை ஒரு சிறுநீரக மருத்துவரிடம் காட்டியிருந்தால், உடனே மருத்துவமனையில் சேர் என்றிருப்பார். சித்தி அதன் கீழே சிவப்பு மையில் 'ரிசல்ட்' என்று எழுதினாள்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது கூடவே இருந்தது சித்திதான். தலை வாரிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள், படுக்கை மாற்ற வந்தவர்களிடம் சண்டை போட்டாள். நோயில் அக்கா முகம் வாடிவிட்டதே என்று வெள்ளை டப்பாவையும் கொண்டுபோய்த் தடவிவிட்டாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். முகத்தில் என்ன போடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, ஏன் இப்படி ஆனது என்று தெரியவில்லை என்றார்கள். கடைசியில் வயதின் மேல் பழியைப் போட்டார்கள். அம்மா இறந்த அன்று வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், முகத்தில் ஒரு கறைகூட இல்லை பார் என்றார்கள். இல்லைதான்.

மருத்துவமனைப் பையைப் பிரித்தபோது அந்த டப்பா என் கைக்கு வந்தது. பெயர் இல்லாத எதையும் சோதித்துப் பார்ப்பது என் தொழில் புத்தி. கருவி காட்டிய அளவு, அனுமதித்ததைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. கருவி பழுது என்று நினைத்து மறுபடியும் ஓட்டினேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. புகார் கொடுக்கப் போனேன். டப்பாவில் பெயரே இல்லையே, யார் மேல் எழுதுவது என்று கேட்டார் அதிகாரி. பைக்கில் கொண்டுவருகிறவன் மேல் என்றேன். பைக் நம்பர் கேட்டார்.

சித்தியிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. என்மேல் பரிதாபப்பட்டாள். "பாதரசம்னா காய்ச்சல் பாக்குற குச்சியில இருக்குமே, வெள்ளியாட்டம் ஓடுமே, அதுதானே? இது வெண்ணெய் மாதிரி இருக்குடி. நீ தண்ணி பாக்குறவ. கிரீமப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றாள். எல்லாப் பாதரசமும் வெள்ளியாக ஓடாது, வெள்ளைத் தூளாகவும் இருக்கும் என்று விளக்கினேன். அப்படியா என்று ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்க்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். நாக்கையும் தோலையும் தவிர வேறு எந்தக் கருவியையும் அவள் நம்பியதில்லை.

அது நடந்து மாதங்கள் ஆகின்றன. இன்றும் போடுகிறாள். வருபவர்களுக்கும் போடுகிறாள், தனக்கும் போட்டுக்கொள்கிறாள். இறந்தவளைப் பற்றி எழுதாமல் இவளைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம், இவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

போன வாரம் படியேறிப் போனபோது சித்தியின் கண்ணோரத்தில் கோடுகளைக் காணவில்லை. துணிக்கடை நாளிலிருந்து அவள் சண்டை போட்ட அந்த நெற்றிக் கோடும் இல்லை. கன்னம் பளபளவென்று உப்பியிருந்தது. என்ன ரகசியம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். சொல்லும்போது அவளுக்கு வெட்கம். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. கணுக்காலை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நாள் பூராவும் நின்று வேலை செய்தால் கால் வீங்காதா என்றாள். இதே குழியை நான் அம்மாவின் காலில் பார்த்திருக்கிறேன்.

இப்போது நிறுத்தினால் சிறுநீரகம் மீண்டுவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அம்மாவிடம் இந்த வாக்கியத்தைச் சொல்ல யாரும் இல்லை. சித்தியிடம் சொல்ல நான் இருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை. அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்கும் அவளை விட்டால் யாரும் கிடையாது. போனில் "சாப்டியா?" என்று கேட்டால் அப்படியே அம்மாவின் குரல். அந்தக் குரலோடு சண்டை போடவேண்டியிருப்பதும் எனக்கு ஆத்திரம்தான்.

மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். சிறுநீர் மட்டும் பிடித்துக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதை வாங்கித் திறந்து பார்த்து, பஞ்சு போட்டுவைக்கத் தோதாக இருக்கிறது என்றாள். நான் சிரிக்கவில்லை. கத்தினேன். இத்தனை நாள் பல்லுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மாவைக் கொன்றது உன் டப்பா என்றேன். கீழே டயர் கடையில் இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். மேசையில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா நீ நம்ப மாட்ட. இருக்குன்னு வந்துட்டா, எங்கக்காவ நான்தான்னு ஆயிடும். அப்புறம் என்னைக் காப்பாத்தி என்னடி பண்ணப்போற?"

குப்பியை எடுத்து மூடி போட்டு, பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அப்போது மங்கு டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பள்ளியிலிருந்து ஓய்வுபெறப் போகிறார், எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கப்போகிறார்கள், அதற்குள் மங்கு இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். உட்கார்ந்துகொண்டே என்னை யார் என்று கேட்டார். "எங்கக்கா பொண்ணு. குறை கண்டுபிடிக்கிற வேலை, சம்பளமும் உண்டு" என்றாள் சித்தி. நான் டீச்சரிடம் நேராகவே சொன்னேன்: இவர்கள் போடும் கிரீமில் பாதரசம் இருக்கிறது, சிறுநீரகம் போய்விடும். டீச்சர் என்னைத் தாழ்வாரத்தில் ஓடிய மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தனக்குப் போடாததையா இவங்க எனக்குப் போடப்போறாங்க? அவங்க முகத்தக் கொஞ்சம் பாரும்மா, ஒரு சுருக்கம் உண்டா?" என்று சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தி அந்தக் கண்களின் மேல் ஈரப் பஞ்சை வைத்தாள். ஆவி காட்டினாள். துடைத்தாள். வெள்ளை டப்பாவைத் திறந்து விரல்களில் வழித்து எடுத்தாள். டீச்சரின் கன்னத்துக்கு மேலே போன கை அங்கேயே நின்றது. தூங்கிவிட்டீர்களா என்று டீச்சர் பஞ்சுக்குக் கீழிருந்து கேட்டார். இல்லை என்றாள் சித்தி. இடது கையால் வேறொரு கிண்ணத்திலிருந்து வெறும் கற்றாழைச் சாற்றை எடுத்து அவர் கன்னத்தில் தடவ ஆரம்பித்தாள். வலது கையில் இருந்த வெள்ளையை, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு, தன் முகத்தில் வைத்து, ஒரு துளி மிச்சமில்லாமல் தேய்த்துக்கொண்டாள்.