பெருமாள் கோயில் பின்சுவர்

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலின் பின்சுவர் முழுக்கக் கல்வெட்டு. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது அந்தச் சுவரில்தான் முகம் புதைத்து எண்ணுவோம். திரும்பினால் நெற்றியில் எழுத்து பதிந்திருக்கும். யாருக்கும் படிக்கத் தெரியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்கள் சுவரை யாரும் படியெடுத்ததில்லை.

சென்ற வருடம் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் சொந்த ஊரைப் படிப்போம் என்று போன மாதம் பஸ் ஏறினேன்.

கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. திருப்பணிக் கமிட்டியில் இருக்கும் சித்தப்பா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போவதற்காக, மெஷின் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்திருந்தார்கள்.

"பாத்தியா நைனா, இன்னா சுத்தமா கீது! அந்தக் கிறுக்கல்கூட போயிடுச்சு."

சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். வழுவழுவென்று இருந்தது. மாவு போலத் தூசி ஒட்டியது. கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

பக்கத்தில் புதிதாக ஒரு கிரானைட் பலகை பதித்திருந்தார்கள். கமிட்டிக்காரர்களின் பெயர்கள், தங்க நிற எழுத்தில்.

"நீதான் கல்வெட்டு படிக்கிறவனாச்சே," என்றார் சித்தப்பா. "எங்க, இதப் படி."

கையைத் தட்டிக்கொண்டு, அவர் பெயர் வரும்வரை சத்தமாகப் படித்தேன்.