பால் கொடுக்கப் போகும் நேரம்

அந்தத் தொட்டில் வெறும் பழஞ்சேலைதான். ஊதா நிறம், மஞ்சள் கரை, நடுவில் தேயிலைக் கறை. எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கடைசி உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் தகரக்கூரைக் கொட்டகைக்குத்தான் பிள்ளை மடுவம் என்று பெயர். மற்றத் தொட்டில்களில் பிள்ளைகள் கிடந்து அழும், உதைக்கும், நனைக்கும். கடைசித் தொட்டிலில் யாரும் இல்லை. ஆனாலும் மடுவத்தைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா காலையில் மற்றவற்றை உதறிக் கட்டும்போது அதையும் உதறிக் கட்டுவார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசிப் பக்கம் அது. இலங்கையில், மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மழை பெய்தால் லொறிகூட ஏறாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, அதாவது ஒற்றையறை வீட்டுக்கு, அடுத்த காம்பராவில் நான் அக்கா என்று கூப்பிட்டவர் புருஷனோடும் கைப்பிள்ளையோடும் இருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதிலும் மேலே இடைவெளி. அவர் சிரித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். நன்றாகச் சிரிப்பார். மலையில் ஆளுக்கொரு நிரையாகச் செடி வரிசை பிரித்துக் கொடுப்பார்கள், எனக்குப் பக்கத்து நிரை அவருடையது. கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் கங்காணியைக் கேலி செய்துகொண்டிருக்கும். தலைப்பாகையும் தடியுமாய் எங்கள் பின்னால் நிற்கும் அந்தக் கிழவருக்கும் அந்தக் கேலி பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஒரு நாள்கூடக் கோபித்ததில்லை.

ஒரு காலை பெரட்டுக் களத்தில், அதாவது விடியுமுன் எல்லோரையும் நிறுத்திப் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்தில், அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. வீட்டில் நிற்கக் கேட்டார். தோட்டத்து உதவி மேலாளராகப் புதிதாக வந்திருந்த சின்னதுரை பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காய்ச்சல் பிள்ளைக்குத்தானே? உனக்கு இல்லைதானே?" என்றார். சொன்னது சரியான தமிழ். அதுவரை அவருக்கு அவ்வளவு சுத்தமாகத் தமிழ் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினார். நடுக்காலையில் பிள்ளைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துப் பால் கொடுக்கக் கீழே போவார்கள். அந்த நேரம் வரும்வரை அக்கா மடுவத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு கொழுந்து எடுத்தார். நேரம் வந்ததும் ஓடினார். போனபோது ஆயாம்மாவின் மடியில் பிள்ளை ஆறிப்போயிருந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. இதை எழுதும்போது எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்த கையோடு அவர் வேலைக்கு வர வேண்டியிருந்தது. வராவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. தோட்டத்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, "உடம்பிலை ஒண்டும் இல்லை பிள்ளை. வேலைக்குப் போ, எல்லாம் மறந்துபோகும்" என்று சொல்லி ஒரு போத்தல் சிவப்பு மருந்து கொடுத்தார். இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் கொடுக்கும் அதே சிவப்பு மருந்து. மனசு என்று ஒன்று கொழுந்து எடுப்பவளுக்கும் இருக்கும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா வந்தார், நிரையில் நின்றார். கை எடுத்தது, வாய் எடுக்கவில்லை. நடுக்காலை ஆனதும், பிள்ளைக்காரிகள் கூடையை இறக்கியபோது, அக்காவும் இறக்கினார். அவர்களோடு கீழே நடந்தார். கங்காணி பார்த்தார். அப்புறம் திரும்பி, எதிர்மலையில் ஏதோ இருப்பது போல அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். மடுவத்தில் அக்கா அந்த ஊதாத் தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, சேலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பால் கொடுத்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, அவர்களோடு ஏறி வந்தார். அவருக்கும் மார் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

அவர் போய் வரும் நேரத்துக்குக் கொழுந்து குறையும் அல்லவா? கூட்டிப் பேசி ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஒருத்தி தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அக்காவின் கூடையில் போட்டாள், பிறகு எல்லோரும் போட்டோம். நிறுக்கும்போது கணக்குச் சரியாக இருந்தது. கங்காணிக்கு அதுவும் தெரியும். எதிர்மலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அந்தப் பால் நேர மருந்து வேலை செய்தது. ஆமாம், மருந்து என்றுதான் சொல்வேன். கொஞ்ச நாளில் அக்கா பக்கத்துத் தொட்டில்களையும் ஆட்ட ஆரம்பித்தார். ஆயாம்மா பாடும் தாலாட்டில் வரி தப்பினால் திருத்தினார். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டிச் சத்தம் கேட்டது, சமைத்துச் சாப்பிடுகிறார் என்று என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் நிரையில் நின்றபடி, "கங்காணி, அந்த மலையில பொண்ணு கிண்ணு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டார். மலையே சிரித்தது.

சின்னதுரைக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு நாள் பால் கொடுக்கும் நேரத்தில் மடுவத்து வாசலில் வந்து நின்றார். "பிள்ளை செத்தது. பிறகு என்ன பால் நேரம்?" என்று கத்தினார். கைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. தொட்டிலை அவிழ்க்கச் சொன்னார். ஆயாம்மா கைகட்டி நின்றார், அவிழ்க்கவில்லை. சின்னதுரையே பிரம்பால் இழுத்து அறுத்தார். கங்காணியைக் கூப்பிட்டு, மற்றவர்களோடு நின்றால்தான் இவள் கெட்டுப்போகிறாள், தூரத்து மலையில் தனியாய் நிரை கொடு என்று உத்தரவு போட்டார். எங்கள் கைக் கொழுந்தைக் களவு என்றார். எங்கள் கொழுந்து, எங்கள் கூடை, எங்கள் கை! களவாம்!

தனி மலையில் அக்கா என்ன ஆனார் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்ட எனக்குத் தெம்பு இல்லை. அதே நேரத்துக்கு, ஆள் இல்லாத அந்த மலையில், ஒரு தேயிலைச் செடிக்கு முன்னால் குந்தி, அதன் வேரில் பாலைப் பீச்சிக்கொண்டிருந்தார். பார்க்கப் போன கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பார்த்த சின்னதுரை லொறியைக் கூப்பிட்டார். பதுளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறியில் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்து, "புள்ள அழுதா ஆட்டிவிடு" என்றார். அவர் புருஷன் லொறிக்குப் பின்னால் வளைவுவரை ஓடினார்.

அன்றைக்கு நடுக்காலையில் பிள்ளைக்காரிகள் கூடையை இறக்கினார்கள். நானும் இறக்கினேன். என் பக்கத்தில் நின்றவளும் இறக்கினாள். மலை முழுக்கக் கூடைகள் தரையில் இருந்தன. "புள்ள இருக்கவங்க மட்டும் போங்க" என்றார் கங்காணி. எங்களில் மூத்தவர், பல் போன, பேரன் பேத்தி எடுத்த ஒருத்தர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்கும் பால் குடுக்குற நேரந்தான் கங்காணி" என்றார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "போங்கம்மா, எல்லாரும் போங்க" என்றார். மடுவம் கொள்ளாமல் வாசலில், படியில், சேற்றில் உட்கார்ந்திருந்தோம். அன்று எல்லோருக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மறுநாளும் போனோம், மறுநாளும் அரைப்பேர். பிறகு அந்த நேரத்தில் சின்னதுரை அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஆயாம்மா அறுந்த சேலையை முடிச்சுப் போட்டு அதே உத்திரத்தில் கட்டினார்.

இதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் என் மகள். கொழும்பில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. போன வாரம் தொலைபேசியில், ஊழியர்களின் மனநலத்துக்கென்று ஓர் அறையே திறந்திருக்கிறார்கள் என்றாள். மெத்தை நாற்காலி, சுவரில் அருவிப் படம், மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுக்க ஒருவர். நல்லதுதானே என்றேன். அவள் பிரிவில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்துவிட்டதாம். அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, மேலாளர் அவளுடைய இருக்கையைக் காட்டி, "அங்கே யார் உட்காருவது?" என்றாராம். "நீங்க எல்லாரும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள் மகள். "அவ வேலையை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு அவளை அனுப்புங்கடி. அந்த மேலாளர் பார்த்தா, நீங்களும் எழும்பிப் போங்க" என்று கத்தினேன். அறை கட்டுவது பெரிய காரியமா? போக விடுவதுதானே காரியம்!

அக்கா பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்து நிரையிலேயே கங்காணி நிறுத்தினார். நேரம் வந்ததும் நான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். ஊதாத் தொட்டிலைப் பார்த்தார். முடிச்சைத் தடவினார். "இது யாரு புள்ளைக்கு?" என்று கேட்டார். ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அதை மெதுவாக, உள்ளே தூங்குவது எழும்பிவிடக் கூடாது என்பது போல, ஒரு தரம் ஆட்டினார். உடனே கையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். "வா போவம், சின்னதுரை வந்துருவாரு" என்று என்னை இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடினார். சின்னதுரை அந்தத் தோட்டத்தை விட்டு மாறிப்போய் அப்போது மூன்று மாதமாகியிருந்தது.