வரலாற்றுப் பிரிவுக்குப் பேருந்தில் இடமில்லை

சென்ற மாதம் அரியலூரில் ஒரு திருமணம். பந்தியில் அமர்ந்து இலையில் நீர் தெளித்துக்கொண்டிருந்தபோது சமையற்கட்டிலிருந்து இருவர் புளியோதரை அண்டாவைத் தூக்கி வந்தார்கள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த கடலையுமாக எழுந்த அந்த மணத்துக்குப் பக்கத்து இலைக்காரர் கண்ணையே மூடிக்கொண்டார். நான் இலையின்மேல் கையை நீட்டி மறுத்தேன். எனக்குக் குடற்புண் என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். குடலில் ஒன்றுமில்லை, நண்பரே. எனக்கு இருப்பது கோபம். அதுவும் இருபது ஆண்டுப் பழையது.

அப்போது நான் பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு, வரலாற்றுப் பிரிவு. வரலாறு என்று அதை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘கடைசி குரூப்பு’ என்பதே அதன் பெயர். அறிவியலுக்கு மதிப்பெண் போதாதவர்கள் வணிகவியலுக்கு. அதற்கும் போதாதவர்கள் எங்களிடத்துக்கு. கணக்கில் நான் வாங்கியிருந்த எண்ணை இங்கே எழுத நாணுகிறேன். என்னை அங்கே தள்ளியதில் அநீதி ஏதுமில்லை.

எங்கள் வகுப்பில் பூங்கொடி மட்டும் தள்ளப்பட்டவள் அல்லள். வேப்பந்தட்டையிலிருந்து பேருந்தேறி வந்தவள். பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு. விண்ணப்பத்தில் வரலாறு என்று எழுதியிருந்ததைக் கண்ட எழுத்தர், தவறாக எழுதிவிட்டாள் என்றெண்ணி அடித்துத் திருத்தப் போனார். “திருத்தாதீங்க சார், நானே கேட்டுத்தான் எழுதியிருக்கேன்” என்றாளாம். பருத்திக் காட்டில் கூலிக்குப் போகும் தாய்க்கு அதில் எதிர்ப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. மகள் கல்லூரியில் வரலாறு படித்து அதையே கற்பிக்கப் போகிறாள் என்று மட்டும் ஊரில் சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் வகுப்பறை மிதிவண்டிக் கொட்டகையை ஒட்டியது. பாடம் தொடங்கிக் கால்மணி ஆவதற்குள் பணியாளர் வாசலில் வந்து நிற்பார். “கடைசி குரூப்பு பசங்க எந்திரிச்சு வாங்கப்பா.” ஆய்வகத்துக்கு மேசை தூக்க, தேர்வறைக்குப் பெஞ்சு தூக்க, ஆண்டுவிழாவுக்குப் பந்தற்கால் ஊன்ற என எல்லாவற்றுக்கும் நாங்கள்தாம். விருந்தினர் வந்தால் பெண்கள் கூட்டிப் பெருக்கிக் கோலமிடுவார்கள். முதற் பிரிவுக்காரன் ஒருவன் பெஞ்சு தூக்கி நான் பார்த்ததில்லை; அவனுக்குப் படிப்பு கெட்டுவிடுமல்லவா! வரலாற்றாசிரியர் நல்லவர். நல்லவர் என்று ஏன் எழுதினேன்? எதிர்க்கத் துணியாதவரை நாம் அப்படி அழைத்துப் பழகிவிட்டோம். சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடுங்கள் என்பார். ஒருநாளும் பத்து நிமிடத்தில் வந்ததில்லை. சோழர் பாடம் இப்படியே மூன்று வாரம் இழுத்தது.

அந்தச் சோழர் பாடத்தின்போதுதான் பள்ளியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா அறிவித்தார்கள். அரியலூர், செயங்கொண்டம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரப் பயணம். எங்கள் புத்தகத்தில் அந்தக் கோயிலுக்கு ஒரு பக்கம் இருந்தது. பூங்கொடி அதை மனப்பாடமாகச் சொல்வாள். படத்தில் விமானத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். சுற்றுலா அறிவியல் பிரிவுகளுக்கு மட்டும் என்று இரண்டாம் நாள் தெரிந்தது. பேருந்தில் இடமில்லையாம்.

புறப்படும் காலையில் எங்களை வரச் சொன்னார்கள். எதற்கென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். புளியோதரை அண்டா இரண்டு, தயிர்ச்சோற்று அண்டா ஒன்று, தண்ணீர்க் குடங்கள். முதல் அண்டாவின் ஒரு வளையத்தை நான் பிடித்திருந்தேன். சூடு துணியைத் தாண்டிக் கையைச் சுட்டது. ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, பூங்கொடி பேருந்தில் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். மடியில் வரலாற்றுப் புத்தகம்.

தலைமையாசிரியர் சன்னலோரம் வந்து இறங்கச் சொன்னார். அவள் எழுந்து நின்று, ஆனால் இறங்காமல், சொன்னாள்: “நாங்க படிக்கிற கோயிலு சார் அது. அவங்க பரீட்சையில வராது.”

“மார்க்கு எடுத்திருந்தா அந்தக் குரூப்புலயே சேந்திருக்கலாம்ல?”

“நானூத்திப் பன்னண்டு சார்.”

பேருந்துக்குள் சிரிப்பு எழுந்தது. சோழ நாட்டு அரசியார் இறங்கி வழிவிட்டால் நாங்கள் புறப்படலாம் என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். அவள் மீண்டும் அமர்ந்துகொண்டாள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அரைமணி நேரம் பேருந்து நகரவில்லை.

அதன்பின் தலைமையாசிரியர் எங்களிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “டிசி-யில நடத்தைன்னு ஒரு எடம் இருக்கு. அத நான்தான் எழுதணும். எவனாவது போய் அவள எறக்குங்கப்பா.”

போனது நான்தான். என்னைப் பெயர்சொல்லி அழைக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. பெஞ்சு தூக்கப் பழகிய கால்கள் தாமாகவே படியேறின. எல்லாருக்கும் வம்பு வரும், இறங்கிவிடு என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ இந்தப் பாடத்தப் படிக்க வந்தியா, அண்டா தூக்க வந்தியா?”

நான் படியைவிட்டு விலகி வழிவிட்டேன். அவள் இறங்கிவிட்டாள். பேருந்து போயிற்று. எங்களுக்கு அன்று பாடம் நடக்கவில்லை. அண்டா வைத்திருந்த இடத்தைக் கழுவிவிடச் சொன்னார்கள்.

தேர்வில் வரலாற்றில் அவள்தான் பள்ளியிலேயே முதல். மாற்றுச் சான்றிதழில் எங்கள் அனைவருக்கும் நடத்தை ‘நன்று’. அவளுக்கு மட்டும் ‘திருப்திகரம்’. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. திருச்சியில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாற்றுக்கு இருவரும் ஒரே நாளில் நேர்காணலுக்குப் போனோம். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான். சான்றிதழைப் புரட்டியவர், என்னம்மா செய்தாய் என்று கேட்டார்.

“பஸ்ல ஏறி உக்காந்தேன் சார்.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் இடம் தருவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் பள்ளிக்கு நடந்தாள். முதல் நாள் அவர் கூட்டத்தில். இரண்டாம் நாள் விடுப்பில். மூன்றாம் நாள் இருந்தார், எழுத மறுத்தார். சேர்க்கை முடிந்துவிட்டது. எனக்கு இடம் கிடைத்தது. என் சான்றிதழ்தான் நன்றாயிற்றே! அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்று அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு எண் போடுகிறேன். பூங்கொடி பருத்திக் காட்டுக்குப் போனாள். பின்னர் மணமாகி மக்காச்சோளக் காட்டுக்கு. ஒருமுறை பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இன்னும் போகவில்லை என்றாள். கேட்டது என் தவறு.

சென்ற சூனில் என் அக்காள் மகளைச் சேர்க்க அதே பள்ளிக்குப் போனேன். அவள் விரும்பியதும் வரலாறு. கொட்டகையை ஒட்டிய அறை இல்லை, இடித்துத் தரைபோட்டிருக்கிறார்கள். புதிய தலைமையாசிரியர் இளையவர், நாற்காலி கொடுத்து அமரச் செய்தார். வரலாற்றுப் பிரிவை மூடிச் சில ஆண்டுகள் ஆயின என்றார். வேண்டுமானால் வணிகவியல் தருவதாகவும் சொன்னார்.

“யாரும் கேக்கறதில்ல சார். கேட்டாத்தானே நடத்த முடியும்?”

“ஒருத்தி கேட்டா சார்,” என்றேன். என் குரல் நான் எண்ணியதைவிட ஓங்கிவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நாங்கதான் எறக்கிவிட்டோம்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காள் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வணிகவியல் விண்ணப்பம் என் முன்னால் மேசையில் இருந்தது. அதை நிரப்பாமல் எழுந்து வந்தோம்.