மலைப்பாதை கேட்ட பேராசிரியர்

பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் பரிமாறும் சாப்பாட்டுக் கடைக்கு மதியங்களில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் வருவார். மசாலா தோசைதான் அவருக்கு. ஒருநாள் தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வரைபடம் ஒன்றை விரித்தார். அதில் ஒஸ்ரியாவில் தொடங்கி, அல்ப்ஸ் மலை ஏறி, இத்தாலித் துறைமுகம் வரை ஒரு சிவப்புக் கோடு. பாஸ்போர்ட் இல்லாதவர்களை மலையால் கொண்டுவருகிறவன் எப்படிப்பட்டவன், நடுவில் பாதிரிமார் தங்க இடம் கொடுப்பார்களா என்று என்னிடம் கேட்டார்.

நானும் இத்தாலி மலையால் நடந்து வந்தவன். ஒரு பாதிரியார் வீட்டில் படுத்தும் எழும்பியிருக்கிறேன். இங்கே நம்மவர் இருவர் சந்தித்தால் ஊருக்கு அடுத்ததாகக் கேட்பது எந்த ரூட்டால் வந்தது என்பதைத்தான். வெள்ளைக்காரர் கேட்டால் மட்டும் எங்களுக்குக் காது கேட்காது. அதோடு அடுத்த வாரம் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகம். அகதி என்று ஏற்று, வதிவிடக் காட் தந்து எவ்வளவோ காலம். பயப்பட ஒன்றுமில்லை என்று மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை.

பிளேனில் வந்தேன், ஜன்னல் சீட், சாப்பாடும் தந்தார்கள் என்றேன். கேட்காத வடை இரண்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குள் ஓடி, புலனாய்வுக்காரர் வந்திருக்கிறார் என்று கொத்து ரொட்டி போடும் அண்ணையிடம் சொன்னேன்.

அண்ணை துணிந்தவர். வெளியே வந்து, தான் பாண்டிச்சேரியில் பிறந்தவர், பரம்பரையாகவே பிரெஞ்சுக் குடிமகன் என்று அறிவித்தார். கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மனைவிக்கும் பாண்டிச்சேரிதானாம். எந்தத் தெரு என்று கேட்டார். அண்ணைக்கு உடனே உள்ளே ஏதோ கருகும் மணம் வந்தது.

கிழவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். உலகப்போர் முடிந்ததும் நாஜிப் போர்க்குற்றவாளிகள் தென்னமெரிக்காவுக்குத் தப்பிய வழிகளை அந்தக்கால உளவுத்துறைகள் எப்படித் துருவின என்று புத்தகம் எழுதுகிறாராம். இன்று மலையால் வருகிறவர்களிடம் கேட்டால் அன்றைய வழி விளங்கும் என்று வந்தாராம். வழியைக் கண்டுபிடித்த சில உளவுக்காரர், தங்களுக்கு வேண்டிய குற்றவாளியை அதே வழியால் அனுப்பியும் வைத்தார்களாம். தப்பியவர்கள் சொன்ன கதைகளில் ஓட்டையே இருக்காது என்று சொல்லிச் சிரித்தார்.

இதைக் கேட்டதும் குசினிக்குள் அண்ணைக்கு வீரம் திரும்பியது.

"அவங்கள் குற்றம் செய்துபோட்டு ஓடினவங்கள். நீ ஏன்டா நடுங்கினனீ?"

"நீங்கள் ஏன் அண்ணை பாண்டிச்சேரி வரைக்கும் ஓடினனீங்கள்?"

நேர்முகத்தில் அதிகாரி அம்மையார் பிரான்சுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். ஜன்னல் சீட் நுனிநாக்குவரை வந்தது. பேராசிரியர் சொன்ன ஓட்டையில்லாத கதைகள் நினைவு வர, விழுங்கிவிட்டேன். மலையால் நடந்து வந்தேன், ஒரு கால் சப்பாத்தைச் சேற்றில் விட்டேன், ஒரு பாதிரியார் சூப் தந்தார், அதில் உப்பில்லை என்றேன். அம்மையார் சிரித்துக்கொண்டே தட்டெழுதினார்.

எனக்குக் குடியுரிமை கிடைத்ததைக் கொண்டாடப் பேராசிரியர் மனைவியோடு கடைக்கு வந்தார். அந்த அம்மா வந்ததும் வராததுமாக, எங்கே எங்கள் ஊர்க்காரர் என்று தேடினார். அண்ணை அன்று பின்கதவால் போனவர். அந்த ரூட்டை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை.