மாஸ்டர் விட்டுப்போன சாய்மனைக் கதிரை

1. நோனா வாசலில் நின்றார்

எண்பத்துமூன்றில் தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு கலவரக் கும்பல் எங்கள் லேனுக்குள் வந்தபோது என் வீட்டு முன்னறை முழுக்கப் பிறர் வீட்டுக் கதிரைகள் கிடந்தன. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலிருந்தே பிரம்புக் கதிரை திருத்துகிறவன் நான். சீட் கிழிந்தது, கைப்பிடிச் சுற்று அவிழ்ந்தது, எலி கடித்தது என்று எல்லாம் என்னிடம் வரும். நானும் மனைவியும் மகள் வசந்தியும் அந்தக் கதிரைகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தோம்.

பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா எங்கள் வாசலில் வந்து நின்று, "மே புட்டு ஒக்கொம அபே!" என்று கத்தினார். இந்தக் கதிரை எல்லாம் எங்களுடையது, கொளுத்தினால் எங்கள் சாமான்தான் எரியும் என்று சண்டை பிடித்தார். கும்பல் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது. அந்தக் கதிரைகளில் பாதிக்கு மேல் தமிழர், முஸ்லிம்களுடையவை என்பது நோனாவுக்கு நன்றாகத் தெரியும். பிறர் கதிரைகளால்தான் நாங்கள் பிழைத்தோம் என்பது அன்றே என் மனதில் ஊறிவிட்டது.

2. அடுத்த கப்பல்

இந்திய வம்சாவளி என்பதால் எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் ஏற்கெனவே கிடைத்திருந்தது. கலவரத்துக்குப் பிறகு மனைவி ஒரே பிடியாக நின்றாள். தலைமன்னாரில் கப்பல் ஏறித் திருச்சிப் பக்கம் போய்விட வேண்டும் என்றாள். நானும் சரி என்றேன். வேலையை முடித்து, கதிரைகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கண்டியில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டரின் சாய்மனைக் கதிரை அது. அவர் கலவரத்தன்று உடுத்த துணியோடு ஊருக்குப் போனவர்.

"அத நோனாகிட்ட குடுத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"அவரு என்னை நம்பித் தந்த சாமான். இந்தியாவுக்கு ஓடுறப்ப யார் தலையிலயோ கட்டிட்டுப் போனான்னு நாளைக்குப் பேச்சு வரணுமா?"

"பேச்சு வந்தா வரட்டும். புள்ளைக்கு அப்பா வேணும்ல?"

"நீங்க முன்னுக்குப் போங்க. மாஸ்டர் வந்ததும் குடுத்துட்டு அடுத்த கப்பல்ல வந்துர்றேன்."

ரயில் ஸ்டேஷனில் வசந்தி என் சட்டையை விடவே இல்லை. மனைவிதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள். அடுத்த கப்பலுக்கு மாஸ்டர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு வடக்கில் சண்டை முற்றிக் கப்பலே நின்றுபோனது.

3. தனியாக ஒரு கதிரையோடு

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் உட்காராத பிரம்புக் கதிரையும் கெடும். வெயில் காலத்தில் நார் வறண்டு வெடிக்கும். பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். கண்டி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, காற்றுப்பட வைக்க வேண்டும். ஊறாத நாரை அவசரத்துக்கு இழுத்துப் பின்னுகிறவனைக் கண்டால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

மாஸ்டரின் கதிரையை அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை நார் வெடித்தபோது சீட் முழுவதையும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கதிரையோடு பேசவும் தொடங்கியிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சமைத்தால் ஒருவனுக்குச் சமைப்பதே பெரும்பாடு. பாஸ்போர்ட் காலாவதியானது. கொழும்புக்குப் போய்ப் புதுப்பிக்கலாம்தான். செக்பாயின்ட்டில் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் தேடி வர யார் இருக்கிறார்கள் என்ற பயத்தில் தள்ளிப் போட்டேன். இதற்கிடையில் மனைவி இந்தியாவில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். செய்தி எனக்கு வந்தபோது காரியங்களும் முடிந்திருந்தன.

4. ஒப்படைத்த நாள்

ஏறக்குறைய இருபது வருசம் கழித்து, சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் ஒரு வேன் வந்து நின்றது. மாஸ்டரின் மகள் இறங்கினார்.

"அப்பா போன வருசம் செத்திட்டார். 'என்ர கதிரை கண்டியில இருக்கு, அந்த மனுசன் விக்கமாட்டான்' எண்டு கடைசிவரைக்கும் சொன்னவர். நாங்கள் ஒருத்தரும் நம்பேல்லை."

சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வேனில் நானே ஏற்றிக் கட்டிவிட்டேன். திரும்பி வந்தால் முன்னறை வெறுமையாகக் கிடந்தது. இனி என்னைப் பிடித்து வைக்க இங்கே எதுவும் இல்லை என்று மனம் துள்ளியது. நேரே டவுனுக்குப் போய் வசந்திக்குக் கோல் எடுத்தேன். அவளுக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளையும் இருந்தது.

"கதிரைய குடுத்தாச்சும்மா. இனி நான் அங்க வந்துரலாம்."



"வாங்கப்பா" என்றாள். பிறகு மிகவும் மரியாதையாக, "எத்தனை நாள் இருப்பீங்க? அவர்கிட்ட சொல்லணும்" என்றாள்.

அவள் மேல் பிழையில்லை. விருந்துக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் கேட்பார்கள்.

ஆகவே வீட்டில் இந்த வேலை செய்ய நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கதிரையைக் கையில் வாங்கும்போதே, "நீங்க வரமுடியாமப் போனா யார்கிட்ட குடுக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியை அன்று நான் மாஸ்டரிடம் கேட்டிருந்தால், என் மகள் என்னிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.