கண்ணாயிரம் அண்ணாவோட ஏழாவது விளக்கு

கண்ணாயிரம் அண்ணாவைப் பத்தி யாராச்சும் கேட்டா, நான் மொதல்ல அவரு வாயைப் பத்திதான் சொல்லுவேன். காலைப் பத்தி ஊரே சொல்லும், அதுக்கு நான் எதுக்கு? ரெண்டு வயசுல வந்த போலியோவுல ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. ஆனா அந்த வாய் இருக்கே, அப்பப்பா! தேரடித் தெருவுல அவராண்ட வாயைக் குடுத்துட்டு முழுசா திரும்பினவங்க ரொம்பக் கம்மி.

எண்பத்தொம்பதுல ஊனமுற்றோர் கோட்டாவுல அவருக்கு ஒரு எஸ்டிடி பூத் கெடைச்சுது. மஞ்சப் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ள ஒரு ஸ்டூலு. மிலிட்டரியில இருக்கிற புருஷன், பாம்பேக்குப் போன புள்ளைன்னு யார் யாரோடயோ பேசிட்டு, ஊரு சனம் பாதி அந்தக் கூண்டுக்குள்ளதான் அழுதிருக்குது. அண்ணா வெளிய இருந்து ஒரு சொம்புத் தண்ணிய நீட்டுவாரு. "அழுதது போதும், பின்னாடி ஆளு நிக்குது"ன்னு ஒரு அதட்டலும் போடுவாரு. அவரு கோவம் அவ்ளோதான், சொம்புத் தண்ணியோட சேர்ந்துதான் வரும்.

எல்லார் கையிலயும் செல்போன் வந்ததும் பூத்துல ஈ ஓட்டுற நெலம. ஒரே ஒரு போனை மட்டும் வெச்சுக்கிட்டு, நாலு கம்ப்யூட்டரை எறக்கி பிரவுசிங் சென்டராக்கிட்டாரு. முன்பக்கம் பாதிக் கடையை எனக்கு விட்டாரு. நான் மணிமொழி, அடி அண்ணாமலைக்காரி. அந்தப் பாதியில ஜெராக்ஸ் மெஷின் போட்டேன். எனக்கும் வாய் கம்மி இல்ல. நாங்க ரெண்டு பேரும் சண்டை போடறதைப் பாக்கறதுக்குன்னே ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க உண்டு, சும்மா சொல்லல.

அந்த கேம் எப்படி வந்துதுன்னு தெரியல. யாரோ காலேஜ் பசங்க சிஸ்டத்துல ஏத்திட்டுப் போனாங்க. வெல்மார் ஆன்லைன்னு பேரு. கோட்டை, காடு, பூதம், குதிரைன்னு ஒரு தனி தேசம், அதுல எங்கெங்கயோ இருக்கிற ஆயிரம் பேரு ஒரே நேரத்துல சுத்துவாங்க. உள்ள போறப்பவே நீ யாருன்னு ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுக்கணும். வாள் வீரனா, வில்லாளியா, மந்திரவாதியான்னு. நாப்பதாவது லெவல் வந்ததும் ஒவ்வொரு கிளாஸுக்கும் அதுக்குன்னே ஒரு குவெஸ்ட், ஒரு வேலை குடுப்பாங்க. அதை வேற கிளாஸ்காரன் செய்ய முடியாது, ஒரு ஆளு ஒரு வாட்டிதான் செய்ய முடியும்.

நான் வில்லாளி. பறந்து போற பன்னெண்டு கழுகை அடிக்கணும்னாங்க, ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டேன். எனக்கு எதுவும் உடனே ஆவணும்.

கண்ணாயிரம் அண்ணா எடுத்தது யாருமே எடுக்காத ஒரு கிளாஸு. பில்கிரிம், அதாவது யாத்திரை போறவன். காவித் துணி, ஒரு தடி, தோள்ல ஒரு பை.

"ஏண்ணா, கத்தி இல்ல, வில்லு இல்ல. இன்னாத்துக்கு இந்தப் பண்டாரம்?"ன்னு கேட்டேன்.

"நடக்கிறான் இல்ல? அது போதும். நீ போயி உன் கழுதைய அடி."

"கழுகுண்ணா!"

"ரெண்டும் உனக்கு ஒண்ணுதான்."

பில்கிரிமுக்கு நாப்பதாவது லெவல்ல வந்த வேலையைப் படிச்சுட்டு அவரு சிரிச்ச சிரிப்பு இன்னும் எனக்குக் காதுல கேக்குது. ஒரு மலை. அதைச் சுத்தி வரணும். வழியில ஏழு எடத்துல ஏழு விளக்கு ஏத்தணும். ஏழையும் ஏத்தினா அடிவாரத்துக் கல்லுல ஒரு பேரு எழுதலாம். குதிரை கூடாது, ஓடக் கூடாது, மந்திரத்துல தாவக் கூடாது. "அட, இங்க வுட்டுட்டு அங்கயும் இதே கதையா!"ன்னாரு. சிரிச்சு முடிச்சதும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு.

ஏன்னு அப்பறம் ஒரு நாள் சொன்னாரு. அவங்கம்மா பேரு பாஞ்சாலை, கீழ்பென்னாத்தூர்ல இருக்காங்க. வருஷா வருஷம் தீபத்துக்கு இவரை இடுப்புல தூக்கிட்டு மலையைச் சுத்துவாங்களாம். எட்டு வயசு வரைக்கும் தூக்கியிருக்காங்க. ஒம்பதாவது வயசுல பாதி வழியில இடுப்பு புடிச்சுக்கிச்சு. எறக்கி வெச்சுட்டாங்க. ரோட்டோரத்துல உக்காந்து ரெண்டு பேரும் அழுதுட்டு, யாரோ ஒருத்தர் மாட்டு வண்டியில திரும்பிட்டாங்க. அதுக்கப்பறம் அவரு சுத்தவே இல்ல.

"இப்பதான் ஆட்டோ போவுதே, ஆட்டோல சுத்திட்டு வாங்களேன்"ன்னேன்.

"அது சவாரி. சுத்தறது வேற, சவாரி வேற. பாதியில நிக்குற சுத்தை நடந்துதான் முடிக்கணும்"ன்னாரு.

அப்ப இருந்து அந்தப் பண்டாரத்தை நானும் கொஞ்சம் மரியாதையாப் பாத்தேன்.

ரெண்டாயிரத்து எட்டு அது. கரண்ட் கட் ஜாஸ்தி. ஒரு விளக்குல இருந்து அடுத்த விளக்குக்கு முக்கா மணி நேர நடை. நடுவுல கரண்ட் போச்சுன்னா ஆளு பழைய விளக்குக்கே திரும்பிடுவான். அண்ணா மேல் நோக்கி இருக்கிற அம்புக்குறி கீயைத் தட்டித் தட்டி நடப்பாரு. ஒரு தட்டு, ஒரு அடி. "அழுத்திப் புடிச்சா தானா போவுமே"ன்னா, "நீ நடக்கறப்ப காலை அழுத்திப் புடிச்சுக்கிட்டா நடக்கறே?"ன்னு கேப்பாரு. பூத்துல ஆள் வந்துட்டா, "மணி, ஆளு நின்ன எடத்துலயே நிக்கட்டும், பாத்துக்கோ"ன்னு என்னாண்ட குடுப்பாரு. பாஸ்வேர்டெல்லாம் எனக்குத் தெரியும். அவ்ளோ நம்பிக்கை. ஆறு விளக்கு ஏத்த ரெண்டு மாசம் ஆச்சு.

செப்டம்பர் மாசம் மொத வாரத்துல கிட்னியில கல்லுன்னு வலியில துடிச்சாரு. ஜுரம் வேற. அவரு அக்கா வீட்டுக்காரர் சின்னசாமி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போனாரு. ரெண்டு நாள் கழிச்சு கேமைத் தொறந்தா ஒரு அறிவிப்பு: முப்பதாம் தேதியோட சர்வரை மூடறோம், கேமுக்குள்ள இருக்கிற ஆளுங்க எல்லாரும் அழிஞ்சுடுவாங்க. சின்னசாமியாண்ட போன்ல இதைச் சொல்லி, அண்ணா எப்ப வருவாருன்னு கேட்டேன். "ஒரு மாசம் ஆவும் போலம்மா"ன்னாரு. ஏழாவது விளக்கு ஒண்ணுதான் மீதி.

எங்க ஊருல ஒரு வழக்கம். வூட்டுல ஒருத்தருக்கு ஒடம்பு முடியலன்னா, அவங்களுக்காக இன்னொருத்தர் வேண்டிக்கிட்டு மலையைச் சுத்துவாங்க. எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப எங்கம்மா சுத்தினாங்க. எனக்குப் பரீட்சைன்னா எங்க சித்தி சுத்தும். யாரும் யாரையும் கேக்கறதில்ல. நல்லதுதானே, அதுக்கு இன்னா கேள்வி? அப்படித்தான் நெனச்சேன். பதினஞ்சாம் தேதி பௌர்ணமி வேற. வெளிய சனம் அலைமோதுது. இன்னிக்கே அண்ணாவுக்காக நான் சுத்தி முடிச்சுடறேன்னு உக்காந்துட்டேன்.

எஸ்டிடி பூத்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, ஒரு போன் போட்டு அவரைக் கேக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க. என் புத்தியை செருப்பாலதான் அடிக்கணும்.

அதோட விட்டேனா? மொத அம்பது அடி தட்டித் தட்டிதான் நடந்தேன், சத்தியமா. அதுக்குள்ள ஜெராக்ஸுக்கு ஆள் வந்துட்டாங்க. ரேஷன் கார்டு, சாதி சான்றிதழ்னு வரிசை கட்டிட்டாங்க. பாதைக்கு ரெண்டு பக்கமும் சொவரு, ஆளு எங்கயும் தப்பிப் போவ மாட்டான். கையில இருந்த ஸ்டேப்ளரை அந்தக் கீ மேல தூக்கி வெச்சுட்டு வந்துட்டேன். நான் இந்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருக்கேன், அந்தப் பக்கம் அண்ணாவோட ஆளு சொவத்தை ஒரசிக்கிட்டே தானா போறான். முக்கா மணி நேரம். திரும்பிப் பாத்தா விளக்காண்ட நிக்கிறான்.

ஏத்தினேன். காவித் துணி வெள்ளையாச்சு. மலையடிவாரத்துல ஒரு பெரிய கல்லு. ஒரு பேரை மட்டும் எழுதலாம், அப்பறம் மாத்த முடியாதுன்னு ஒரு கட்டம் வந்துது. கீழ ஒரு நிமிஷம் எண்ணிக்கிட்டே குறையுது. கண்ணாயிரம்னு இங்கிலீஷ்ல அடிச்சேன். கல்லுல ஏறிடுச்சு. எனக்கு ஒரே பெருமை. ஒண்டியா கை தட்டிக்கிட்டேன்.

இருபத்தேழாம் தேதி வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. அண்ணா! ஒரு மாசம் ஆவும்னவரு, டாக்டர்கிட்ட சண்டை போட்டு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. கையில ஊசி குத்தின எடத்துல பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருக்குது. வூட்டுக்குக்கூடப் போவல. "தூக்கி சிஸ்டத்தாண்ட உக்கார வை. மச்சான் சொன்னாரு, மூணு நாள்தான் இருக்குது. ஒரு விளக்கு, முடிச்சுடலாம்"னாரு.

நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவரே பாக்கட்டும்னு.

பாத்தாரு. "இன்னா மணி இது, வெள்ளைத் துணி?"

"முடிச்சுட்டேன்ணா! பௌர்ணமி அன்னிக்கு. உங்களுக்காக!"

அவரு மவுஸை நகத்தி நகத்தி ஏழு விளக்கையும் பாத்தாரு. கல்லைப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு, "நீ நடந்தியா?"

"ஆமாண்ணா."

"ஒவ்வொரு அடியா?"

"ஒவ்வொரு அடியா"ன்னேன். பொய். அந்த ஸ்டேப்ளரு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மேசை மேலயே கெடக்குது.

"எனக்காக எத்தினி பேரு சுத்தியிருக்காங்க தெரியுமா மணி? அக்கா சுத்திச்சு. மச்சான் சுத்தினாரு. பூத்துல அழுதவங்க பாதிப் பேரு சுத்தினாங்க. ஒருத்தர்கூட என்னைக் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் நானா சுத்திக்கிட்டிருந்தது."

அவரு மறுபடியும் கல்லைக் காட்டினாரு.

"கல்லுல அம்மா பேரைப் போடறதா இருந்தேன். முப்பதாம் தேதி வாம்மா, உன் பேரைக் காட்டறேன்னு சொல்லிவேற வெச்சுட்டேன்."

ஐயோன்னு அழுதுட்டேன். புதுசா ஒரு ஆளை ஏத்தலாம்ணான்னேன். நாப்பது லெவலுக்கு நாலு மாசம் ஆவும்னாரு. கேம் கம்பெனிக்கு மெயில் போட்டேன், கெஞ்சி எழுதினேன், மூடப் போற கடையில யாரு பதில் சொல்லுவாங்க? அவரு வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாத் தேவலாம். அந்த வாய்! தெருவையே அதட்டின வாய், "போ, மெஷினாண்ட ஆளு நிக்குது பாரு"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கிச்சு. மூணு நாளும் எங்க கடையில சண்டையே இல்ல. அந்த மாதிரி மூணு நாள் எனக்கு இனிமே வேணாம் சாமி.

முப்பதாம் தேதி பதினோரு மணி பஸ்ஸுல பாஞ்சாலையம்மா வந்து எறங்கினாங்க. எழுபது வயசு இருக்கும். கையில ஒரு மஞ்சப் பை நெறைய தோலோட அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. இடுப்பை ஒரு கையால புடிச்சுக்கிட்டே படியேறினாங்க.

"எங்கடா, என் பேரு?"

அண்ணா அந்த ஆளைக் கல்லுக்கு முன்னால நிறுத்தி வெச்சிருந்தாரு. திரையில தன்னோட பேரு மேலயே விரலை வெச்சாரு. "இதாம்மா."

அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணாடி மேல உள்ளங்கையை வெச்சுத் தடவிப் பாத்தாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பினாங்க. "ஏம்மா, நீ படிச்சவ. இன்னா எழுதியிருக்குதுன்னு படி, கேக்கறேன்."

அண்ணா என்னைப் பாத்தாரு.

"பாஞ்சாலைன்னு எழுதியிருக்குதும்மா"ன்னேன்.

"முழுசா சுத்திட்டானா?"

"முழுசா."

"இவனேவா? யாரும் தூக்கலியே?"

அண்ணா கீபோர்டைக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. நான் சொன்னேன், "யாரும் தூக்கலம்மா. ஒவ்வொரு அடியும் அவரே நடந்தாரு."

பாஞ்சாலையம்மா அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. "இவனைப் பாதியில எறக்கி வெச்சுட்டேனேன்னு முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தீபத்துக்கும் நான் மலையை நிமிந்து பாத்ததில்லம்மா. இந்த வருஷம் பாப்பேன்"னாங்க.

சொல்லிட்டு மஞ்சப் பையை அவுத்து, ரெண்டு கை நெறைய அள்ளி என் மடியில போட்டாங்க. "கூட இருந்து பாத்துக்கிட்டவ நீதானே, தின்னு"ன்னாங்க. உறிச்சுத் தின்னேன். அண்ணாவும் தின்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கல. சாயங்காலம் சர்வரை மூடிட்டாங்க. ஸ்டேப்ளர் விஷயத்தை நான் இன்னிக்கு வரைக்கும் அவராண்ட சொல்லல.